தோத்தது தப்பில்ல... மாத்தாததுதான் தப்பு!



நான் ஒரு சென்னை சூப்பர் கிங்ஸ் ரசிகன். இதைச் சொன்னதும் பாதிப் பேர் கை தட்டுவீங்க, மீதிப் பேர் சிரிப்பீங்க. ரெண்டும் எனக்குப் பழக்கம்தான்!

ஒவ்வொரு வருஷமும் ஐ.பி.எல். ஆரம்பிச்சு நாலு ஆட்டம் முடிஞ்சதும் நம்ம வகுப்புல ஒரு சண்டை வரும். "டீம் அவ்ளோதான்டா, காலி"ன்னு ஒரு கட்சி. "இப்பத்தானே ஆரம்பம், பொறுத்துப் பாரு"ன்னு இன்னொரு கட்சி. ரெண்டு கட்சி சொல்றதும் முழுசா சரியில்லை என்பது என் கருத்து. ஏன்னு சொல்றேன்.

பொறுத்துப் பாருன்னு சொல்றவங்க எப்பவும் 2010-ஐத்தான் இழுப்பாங்க. நியாயம்தான். அந்த வருஷம் முதல் 7 ஆட்டத்துல சென்னை ஜெயிச்சது வெறும் 2. சேப்பாக்கத்துலயே பஞ்சாப்கிட்ட சூப்பர் ஓவர்ல தோத்தாங்க. அப்புறம் முரளி விஜய் ராஜஸ்தானுக்கு எதிரா 56 பந்துல 127 அடிச்சார். கடைசி லீக் ஆட்டத்துல, தர்மசாலாவுல, கடைசி ஓவருக்கு 16 ரன் வேணும். தோனி ரெண்டு சிக்ஸர் அடிச்சு முடிச்சார். ஏப்ரல் 25-ல ஃபைனல்ல மும்பையை 22 ரன்ல ஜெயிச்சு முதல் கோப்பையைத் தூக்கினாங்க.

ஆனா அதே கதை 2025-ல நடக்கலையே! முதல் ஆட்டத்துல மும்பையை ஜெயிச்சாங்க. அப்புறம் வரிசையா 5 தோல்வி. சேப்பாக்கத்துல 2008-க்கு அப்புறம் சென்னையை ஜெயிக்காத பெங்களூர் 50 ரன்ல ஜெயிச்சுது. ஏப்ரல் 11 அன்னிக்கு கொல்கத்தாகூட 20 ஓவர் ஆடி 103 ரன். அதை அவங்க 10.1 ஓவர்ல அடிச்சுட்டுப் போயிட்டாங்க. என் பக்கத்து வீட்டு அண்ணன் அன்னிக்கு ராத்திரி மஞ்சச் சட்டையை மடிச்சு பீரோவுல வச்சவர்தான், அந்த சீசன் முடியற வரைக்கும் வெளிய எடுக்கவே இல்லை. கடைசியில 14 ஆட்டத்துல 4 வெற்றி, பத்தாவது இடம். சென்னை கடைசி இடத்துக்குப் போனது அதுதான் முதல் தடவை.

ரெண்டு வருஷமும் ஆரம்பம் மோசம். ஒண்ணு கோப்பையில முடிஞ்சுது, இன்னொண்ணு கடைசி இடத்துல முடிஞ்சுது. அப்போ ஆரம்பத்தை மட்டும் பாத்து எதுவும் சொல்ல முடியாது. தோத்ததுக்கு அப்புறம் என்ன செஞ்சாங்கன்னு பாக்கணும்.

2010-ல பாதியில வந்து சேர்ந்த டக் போலிஞ்சரை உடனே ஆட விட்டாங்க. அரையிறுதியில அவர் 13 ரன் கொடுத்து 4 விக்கெட் எடுத்தார். 2025-லயும் மாத்தினாங்க. 17 வயசு ஆயுஷ் மாத்ரே வந்தான், முதல் ஆட்டத்துலயே 15 பந்துல 32. பெங்களூருக்கு எதிரா 94. பிரெவிஸ் வந்து கொல்கத்தாவுல 25 பந்துல 52 அடிச்சு ஜெயிக்க வச்சார். டீம்ல உயிர் வந்துச்சு. ஆனா மாத்ரே முதல் ஆட்டம் ஆடினது ஏப்ரல் 20. அதுக்குள்ள 7 ஆட்டம் முடிஞ்சு 5 தோல்வி! மருந்து நல்ல மருந்துதான். நோய் முத்தினப்புறம் கொடுத்தா என்ன செய்யும்?

"அப்போ அனுபவத்துக்கு மதிப்பே இல்லையா?"ன்னு நீங்க கேக்கலாம். நிச்சயம் உண்டு. அதே சீசன்ல லக்னோவுல 43 வயசு தோனி 11 பந்துல 26 அடிச்சு ஆட்ட நாயகன் ஆனார். ஆக, வயசு ஒரு பிரச்சனையே இல்லை. யாரு இன்னிக்கு நல்லா ஆடறாங்களோ அவங்களுக்கு இடம். பேருக்காகவும் பழக்கத்துக்காகவும் இடம் கொடுக்கக் கூடாது.

இப்போ நம்ம பள்ளி டீமுக்கு வரேன். ஜோனல் போட்டிக்கு முன்னாடி மூணு பயிற்சி ஆட்டம் ஆடினோம், மூணும் தோல்வி. ஓப்பனிங் இறங்கினது நான்தான். என் ஸ்கோர் 0, 4, 0. எல்லாரும் பௌலிங்கைத் திட்டினாங்க. என்னை யாரும் ஒண்ணும் சொல்லலை. ஏன்னா நான் பன்னிரண்டாம் வகுப்பு, சீனியர். கோடையில கொள்ளிடம் மணல்ல என்கூட ஆடற ஒன்பதாம் வகுப்புத் தம்பி ஒருத்தன் இருக்கான். நான் போடற வேகப் பந்தை நேரா தலைக்கு மேல தூக்கி அடிப்பான். மூணு ஆட்டமும் அவன் எல்லைக்கோட்டுக்கு வெளிய உக்காந்து ஸ்கோர் எழுதிட்டு இருந்தான். என் பேருக்கு நேரா முட்டை போட்டதும் அவன்தான்!

டிவி முன்னாடி உக்காந்துகிட்டு "அந்த ஆளைத் தூக்குங்கடா, சின்னப் பையனை இறக்குங்கடா"ன்னு கத்தறது ரொம்ப சுலபம். அந்த "ஆள்" நாமளா இருந்தா? ரெண்டு நாள் தூக்கம் வரலை. இது எனக்குப் பள்ளியில கடைசி வருஷம் வேற. அப்புறம் பி.டி. சார்கிட்ட நானே போய், "சார், அடுத்த ஆட்டத்துல அந்தத் தம்பியை ஓப்பனிங் இறக்குங்க"ன்னு சொல்லிட்டேன். சார் ஒரு நிமிஷம் என்னைப் பாத்துட்டு, "சரி, நீ நெட்ஸுக்கு ஒழுங்கா வா"ன்னார்.

அதனால நண்பர்களே, ஆரம்பத்துல தோத்தா டீமை விட்டு ஓடாதீங்க. "எல்லாம் தானா சரியாயிடும்"னு சும்மாவும் இருக்காதீங்க. எதை மாத்தணும்னு பாத்து சீக்கிரமா மாத்துங்க. மாத்த வேண்டியது நம்மளா இருந்தாலும்தான்.

அடுத்த ஆட்டத்துக்கு எல்லாரும் வாங்க. தம்பி பேட் பிடிப்பான், நான் தண்ணி பாட்டில் தூக்குவேன். ஆனா ஒண்ணு தம்பி... ஃபார்ம் வந்ததும் என் இடத்தைத் திரும்பக் கேப்பேன், தயாரா இரு!

— ஒரு மஞ்சள் ரசிகன்,
பன்னிரண்டாம் வகுப்பு, 'ஆ' பிரிவு.