குப்பைக்கீரை என்று பெயர் வைத்தது யார்?

கேல் என்று ஒரு கீரை இருக்கிறது. சுருட்டை முடி வைத்த முட்டைக்கோஸ் மாதிரி இருக்கும். உண்மையிலேயே முட்டைக்கோஸின் கூடப்பிறந்ததுதான். தாவரவியல் கணக்கில் கேல், முட்டைக்கோஸ், காலிஃபிளவர், புரோக்கோலி, நூல்கோல் எல்லாம் ஒரே இனம். குளிர் நாட்டுப் பயிர். நம்ம பக்கம் என்றால் ஊட்டி, கொடைக்கானல் மலையில் வரும். காஷ்மீரில் ஹாக் என்று இதன் நெருங்கிய உறவு ஒன்றைத் தலைமுறை தலைமுறையாகக் கடுகெண்ணெயும் மிளகாயும் போட்டு வேகவைத்துத் தின்கிறார்கள். யாரும் அதற்கு விளம்பரம் கொடுத்ததில்லை.

அமெரிக்காவில் 2010-க்குப் பிறகு இந்தக் கேல் திடீரென்று சூப்பர் ஸ்டார் ஆனது. அங்கே மழை பெய்தால் இங்கே குடை பிடிக்க வேண்டும் என்பது விதி. அதனால் இப்போது நாகர்கோவிலில் இருந்துகொண்டு பெட்டியில் அடைத்த கேலையும், டப்பாவில் அடைத்த கேல் பொடியையும் ஆன்லைனில் வரவழைக்கிறார்கள். கூரியர்காரர் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுக்கும் வாசலுக்குப் பக்கத்திலேயே, காம்பவுண்டு சுவர் ஓரம், தானாக முளைத்த கீரை ஒன்று முழங்கால் உயரம் நிற்கும். அதைப் பிடுங்கி எறிய வாரம் ஒரு ஆள் சம்பளத்துக்கு வருவார். அதன் பெயர் குப்பைக்கீரை.

பெயரைக் கவனியுங்கள். குப்பை!

இதே செடிக்கு உலகத்தின் இன்னொரு மூலையில் என்ன மரியாதை என்று பார்த்தால் வயிறு எரியும். கரீபியன் தீவுகள், அதாவது கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு வெஸ்ட் இண்டீஸ். ஜமைக்காவில் கலலூ என்று ஒரு கறி. காலைப் பலகாரத்துக்கே அதை உப்புக்கருவாட்டோடு வதக்கி வைப்பார்கள். அந்தக் கலலூ எந்தக் கீரை தெரியுமா? சாட்சாத் இதே குப்பைக்கீரை. தாவரவியல் பெயர்கூட ஒன்றுதான்: அமராந்தஸ் விரிடிஸ். அதை டப்பாவில் அடைத்து லண்டனுக்கும் டொரண்டோவுக்கும் ஏற்றுமதி செய்கிறார்கள். ஊரை விட்டுப் போன ஜமைக்காக்காரர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள், நாம் பிடுங்கிப் போடக் காசு கொடுக்கும் கீரையை.

டிரினிடாட் தீவில் கலலூ என்றால் வேறு இலை. அங்கே சேம்பிலை. வெண்டைக்காய், பூசணி, தேங்காய்ப்பால், முடிந்தால் நண்டு, எல்லாம் ஒரே பானையில். வெந்த பிறகு கையால் சுழற்றுகிற ஒரு மரக்கோலை விட்டுக் கடைவார்கள். (நம் வீட்டு மத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை.) ஞாயிற்றுக்கிழமை மதியம் குடும்பம் மொத்தமும் உட்காரும்போது அது மேசையில் இருக்க வேண்டும். கிரனடாவுக்குப் போனால் ஆயில் டவுன். சீமைப்பலாக்காய், சேம்பிலை, மஞ்சள், தேங்காய்ப்பால், உப்புக்கண்டம். பால் வற்றி எண்ணெய் அடியில் இறங்கும் வரை வேகவைப்பது, பெயரும் அதனால்தான். அது அந்த நாட்டின் தேசிய உணவு.

சேம்பு, சீமைப்பலா, மஞ்சள், தேங்காய். விளவங்கோட்டிலோ கல்குளத்திலோ ஒரு பழைய வீட்டு விளைக்குள் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் இந்த நாலிலும் தடுக்கி விழலாம். ஆனால் விருந்தாளி வருகிற நாளில் சேம்பிலையைச் சமைத்து இலையில் வைக்கிற தைரியம் எத்தனை வீட்டுக்கு உண்டு?

இதில் கேல் எங்கே வருகிறது என்று கேட்கலாம். பிழைப்புக்காக இங்கிலாந்து, கனடா, அமெரிக்கா போன கரீபியன் குடும்பங்களுக்குக் குளிரில் சேம்பும் கிடைக்காது, குப்பைக்கீரையும் முளைக்காது. அதனால் பசலையைப் போட்டார்கள். வீட்டுத் தோட்டத்தில் கேல் வந்தால் அதைப் பறித்துப் போட்டார்கள். தேங்காய்ப்பாலும் பூண்டும் காரமும் அதேதான், இலை மட்டும் மாறிக்கொண்டது. அவர்கள் பானையில் கேல் என்பது பன்னிரண்டாவது ஆட்டக்காரர். இங்கே கொண்டுவந்து கேப்டன் ஆக்கிவிட்டோம்.

அந்தத் தீவுகளில் இந்தக் கறி ஏதோ ராஜா வீட்டுச் சமையலாகத் தொடங்கியது என்று நினைக்க வேண்டாம். கரும்புத் தோட்ட முதலாளி கொடுத்த ரேஷன் போதாமல், ஒதுக்குப்புறமாக விடப்பட்ட துண்டு நிலத்தில் ஆப்பிரிக்க அடிமைகள் தங்கள் வயிற்றுக்குத் தாங்களே விளைவித்துக்கொண்டது அது. சீமைப்பலாவின் கதை இன்னும் மோசம். அடிமைகளுக்கு மலிவாகச் சோறு போட ஒரு மரம் வேண்டும் என்றுதான் கேப்டன் பிளை 1793-ல் பசிபிக் தீவுகளிலிருந்து கன்றுகளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய் செயின்ட் வின்சென்டிலும் ஜமைக்காவிலும் இறக்கினான். பிறகு அடிமைமுறை போய் ஒப்பந்தக் கூலிமுறை வந்தது. 1853-லிருந்து பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழர்களை மார்ட்டினிக் தீவுக்கு ஏற்றினார்கள். அங்கே இன்றைக்கும் 'கொலம்போ' என்று ஒரு மசாலாக் கறி உண்டு. அது கொழும்பு என்ற ஊர்ப்பெயரா, நம்ம குழம்பா என்று இன்னும் சண்டை ஓடுகிறது.

ஆக, பட்டினியில் பிறந்த சாப்பாடு. அதை அவர்கள் ஒளித்துவைக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமைக்கு உயர்த்தினார்கள். நாம் என்ன செய்தோம்?

மரச்சீனியை எடுத்துக்கொள்வோம். அதுவும் தென்னமெரிக்கச் சரக்கு. கரீபியன் பழங்குடிகள் அதைத் துருவி, விஷச்சாற்றைப் பிழிந்தெடுத்து ரொட்டி சுட்டவர்கள். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை முதலில் திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜாதான் இந்தக் கிழங்கு பரவக் காரணம். எப்படி வேகவைப்பது, தண்ணீரை ஏன் வடித்துக் கொட்டுவது என்றெல்லாம் ஜனங்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார் என்பார்கள். 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து அரிசி வருவது நின்றது. அன்றைக்கு இந்த மண்ணை உயிரோடு வைத்திருந்தது நெல் இல்லை, மரச்சீனி. அதற்கு நன்றியாக நாம் கொடுத்த பட்டம் 'ஏழைச் சாப்பாடு'. இரண்டு தலைமுறை அதைத் தின்றதை வெளியே சொல்ல வெட்கப்பட்டது. பிறகு நட்சத்திர ஓட்டல்காரன் மரச்சீனியும் மீன்கறியும் என்று மண்சட்டியில் வைத்து விலை போட்டான். உடனே வெட்கம் போய்விட்டது. ரசீது வந்தால்தான் ருசி வருமோ?

முருங்கைக்கும் இதே கதிதான். மொரிங்கா என்ற உலகப் பெயரே நம் முருங்கையிலிருந்து போனது. புறவாசலில் நிற்கும் வரை அது வெறும் முருங்கை. 'மொரிங்கா' கேப்ஸ்யூலாகத் திரும்பி வந்தால் மருந்து.

இங்கே இன்னொரு கோஷ்டி கையைத் தூக்குவது தெரிகிறது. "பார்த்தீர்களா, வெள்ளைக்காரன் கீரை வேண்டாம், நம் முன்னோர் முட்டாள்கள் அல்ல, பாரம்பரியத்துக்குத் திரும்புவோம்" என்று. கொஞ்சம் பொறுங்கள் சாமி. மிளகாய் யாருடையது? மரச்சீனி, பப்பாளி, தக்காளி, கொய்யா, அன்னாசி? எல்லாம் அட்லாண்டிக் தாண்டி வந்தவை. இந்தப் பக்கத்தில் மிளகுக்கு 'நல்லமிளகு' என்று தனிப்பெயர் இருக்கிறது. மிளகாயும் இலையில் வந்து உட்கார்ந்துவிட்ட ஊரில் எது எது என்று பிரித்துச் சொல்ல அந்த 'நல்ல' எவ்வளவு உதவுகிறது பாருங்கள். கேல் வெளிநாட்டுக்காரன் என்பது அதன் குற்றமே இல்லை. குமரியின் மலையோரத்தையே விழுங்கிவிட்ட ரப்பர்கூட பிரேசில் மரம்தான், அதை யாரும் பாரம்பரியத்தின் பெயரால் வெட்டவில்லை. காசு கொடுக்கிறதே!

கேலுக்கு நியாயமாகக் கொடுக்க வேண்டியதையும் கொடுத்துவிடலாம். நூறு கிராம் பச்சைக் கேலில் கால்சியம் சுமார் 250 மில்லிகிராம். முருங்கைக்கீரையிலும் முளைக்கீரை வகைகளிலும் 300-க்கு மேல். இந்தக் கணக்கைக் காட்டி முருங்கை ஜெயித்தது என்று கைதட்டுகிறவர்கள் ஒன்றை மறைக்கிறார்கள். முளைக்கீரை, சேம்பிலை வகையறாக்களில் ஆக்சலேட் அதிகம். அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்புக்குக் கொடுக்காது. கேலில் ஆக்சலேட் குறைவு, அதனால் அதன் கால்சியம் நன்றாகவே உடம்பில் சேரும். ஆக கேல் நல்ல கீரைதான். ஆனால் மலையிலிருந்து பெட்டியில் வந்து, பாதி வாடி, ஒரு நேரச் சமையலுக்கு ஒரு கைப்பிடி கிடைக்கிற நல்ல கீரையைவிட, வாரம் நாலு நாள் வாசலில் இலவசமாகக் கிடைக்கிற சுமாரான கீரை மேல் என்பதற்கு ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை.

இது வெறும் ருசிச் சண்டையும் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. பாதிக்கு மேல்! கீரை மட்டும் தின்றால் இது தீர்ந்துவிடும் என்று சொல்பவரை நம்ப வேண்டாம். கீரையில் இருக்கும் இரும்பு எளிதில் உடம்பில் சேராது. கூட எலுமிச்சையோ நெல்லிக்காயோ வேண்டும், மீன் இருந்தால் இன்னும் நல்லது, வேண்டியவர்களுக்கு மாத்திரையும் வேண்டும். ஆனால் அந்தப் பாதிப்பேரின் தட்டுக்கு எந்த இலை வாரம் நாலு நாள் வந்து சேரும்? கேல் பொடி வராது.

சரி, அவ்வளவு நல்லதென்றால் ஏன் சமைப்பதில்லை? இங்கேதான் கீரையின் பெருமை பேசும் ஆண் சிங்கங்கள் மெதுவாக நழுவுவார்கள். முருங்கைக்கீரை உருவ ஒரு மணி நேரம் ஆகும். குப்பைக்கீரையில் பூவை, முற்றிய தண்டை, பூச்சி அரித்ததை எல்லாம் கழிக்க வேண்டும். சேம்பிலையில் நரம்பு உரிக்க வேண்டும், கை அரிக்கும். இத்தனையும் வேலைக்கும் போய்வருகிற ஒரு பெண்ணின் தலையில்தான் விழுகிறது. அவர் நூடுல்ஸ் பாக்கெட்டைப் பிரித்தால் "அந்தக் காலத்தில் அம்மா..." என்று ஆரம்பிப்பார்கள். அந்தக் காலத்து அம்மாவுக்கும் முதுகு வலித்தது, யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். கீரையைப் புகழ்கிறவர் முதலில் முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளட்டும். (முருங்கைக் கொப்பை ராத்திரி ஒரு துணியில் சுற்றி வைத்தால் காலையில் இலை பெரும்பாலும் தானாக உதிர்ந்திருக்கும். உதறினால் போதும். இந்தச் சாக்கும் போயிற்று.)

இரண்டாவது காரணம் இடம். விளை என்ற சொல்லில் ஊர்ப்பெயர் முடிகிற மாவட்டம் இது. ஆனால் வீட்டைச் சுற்றி இருந்த விளை கார் நிறுத்தச் சிமெண்டுத் தரையானது, மீதி ரப்பரானது. மரவள்ளிக்கும் சேம்புக்கும் இடம் இல்லாமல் கட்டிவிட்டு, மொட்டைமாடியில் பிளாஸ்டிக் தொட்டியில் கேல் விதை போட்டு, அது வெயிலில் வாடுவதைப் படம் எடுக்கிறார்கள். அதே தொட்டியில் தண்டங்கீரை விதையைத் தூவினால் மூன்று நான்கு வாரத்தில் பறிக்கலாம்.

பச்சையாக மிக்ஸியில் அடித்துக் குடிக்கிற பழக்கமும் கேலோடு சேர்ந்துதான் வந்தது. அதை நம்பி யாரும் சேம்பிலையைப் பச்சையாக அடித்துவிட வேண்டாம். தொண்டை என்ன பாடுபடும் என்று பாட்டிகளைக் கேட்டால் சொல்வார்கள். கால்சியம் ஆக்சலேட் ஊசி ஊசியாகக் குத்தும். சமையலுக்கென்று வளர்க்கிற சேம்பின் இளம் இலையாக, விரியாத சுருளாக இருந்தால் நல்லது. நன்றாக வேக வேண்டும், புளியோ குடம்புளியோ சேர வேண்டும். டிரினிடாட்காரர்களும் அதை நீண்ட நேரம் வேகவிட்டுத்தான் கடைகிறார்கள்.

சேம்பு பயமாக இருந்தால் குப்பைக்கீரையில் தொடங்கலாம். சாலையோரம், சாக்கடையோரம் நிற்பது வேண்டாம், வீட்டு மண்ணில் முளைத்தது போதும். நாலைந்து பிடி கீரை, பத்து உள்ளி, நாலு பல் பூண்டு, ஆறு வெண்டைக்காய், ஒரு துண்டு பூசணி. தேங்காய் எண்ணெயில் உள்ளியையும் பூண்டையும் வதக்கி, வெண்டையையும் பூசணியையும் போட்டு, இரண்டாம் தேங்காய்ப்பாலில் வேகவிட வேண்டும். பூசணி குழைய ஆரம்பித்ததும் கீரை. கரீபியனில் ஒரு முழு மிளகாயை உடையாமல் மேலே மிதக்கவிடுவார்கள், மணம் இறங்கும், காரம் மிரட்டாது. இங்கே அதற்குக் காந்தாரி இருக்கிறது, இரண்டு போதும், நசுக்கக் கூடாது. கடலோரத்து வீடு என்றால் நண்டு போடலாம். ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய கேல் இருந்தால் பாவம், அதையும் தண்டை நீக்கி நறுக்கி இதிலேயே போட்டுவிடலாம், பத்துப் பதினைந்து நிமிடம் கூடுதலாக வேகும், கசப்பைத் தேங்காய்ப்பால் பார்த்துக்கொள்ளும். உப்பு சரிபார்த்து, மத்தால் நாலு சுற்று கடைந்து, கடைசியில் முதல் பாலை ஊற்றி உடனே இறக்கிவிட வேண்டும், கொதித்தால் திரிந்துவிடும். சம்பா அரிசிச் சோற்றுக்கும் சரி, அவித்த மரச்சீனிக்கும் சரி.