சான்றிதழ் உண்டு, கேள்வி கேட்க ஆளில்லை!

பொறியியல் கல்லூரி வாசலில் ‘சர்வதேச மாநாடு’ என்று பேனர் தொங்கும். குத்துவிளக்கு, பொன்னாடை, வாழ்த்துரை என்று தொடக்க விழா மதியம் வரை நீளும். சாப்பாடு முடிந்ததும் நான்கைந்து வகுப்பறைகளில் ஒரே நேரத்தில் கட்டுரை வாசிப்பு. ஆளுக்குப் பத்து நிமிடம். தன் முறை முடிந்தவர் பையோடு வெளியேறுவார். அடுத்தவர் பென் டிரைவோடு எழுவார். ‘எனி கொஸ்டின்ஸ்?’ என்று கேட்கும் தலைவர், பதிலுக்குக் காத்திராமல் அடுத்த பெயரை அழைப்பார். மாலையில் சான்றிதழ். பதிவுக் கட்டணம் சில ஆயிரம் ரூபாய்.

கணினி அறிவியலில் பிஎச்.டி. செய்யும் நம் ஊர் மாணவர்கள் பலருக்கு ‘பேப்பர் பிரசன்ட் பண்ணுவது’ என்றால் இதுதான்.

பிற அறிவியல் துறைகளில் ஆய்விதழுக்குத்தான் முதல் மரியாதை. கணினி அறிவியலில் நிலைமை வேறு. இங்கே புதிய சிந்தனை முதலில் ஏறும் மேடை மாநாடுதான். ஸ்டான்ஃபோர்டு ஆய்வு மாணவர்களாக இருந்த செர்கே பிரின், லாரி பேஜ் இருவரும் கூகுள் தேடுபொறியை விளக்கிய கட்டுரை, 1998 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் நடந்த உலகளாவிய வலை மாநாட்டில்தான் முன்வைக்கப்பட்டது. இன்றைய சாட்ஜிபிடி வகையறாவுக்கு அடித்தளமான ‘டிரான்ஸ்ஃபார்மர்’ கட்டுரையும் 2017இல் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் நடந்த மாநாட்டுக்கு வந்ததே. அத்தகைய அரங்கில் நிற்கும் மாணவரிடம் துறையின் முன்னணி ஆட்கள், ‘இந்தத் தரவை ஏன் எடுத்தாய், பழைய முறையோடு ஒப்பிட்டாயா’ என்று குடைந்து எடுப்பார்கள். ஆய்வு சீராவது அங்கேதான்.

நம்மிடம் மாநாடு சடங்கானதற்கு விதிக்கும் பங்கு உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதிமுறை, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஓர் ஆய்விதழ்க் கட்டுரையும் இரண்டு கருத்தரங்க உரைகளும் வேண்டும் என்றது. சான்றிதழை ஆதாரமாகக் காட்டச் சொன்னது. விதி கேட்டதைச் சந்தை தயாரித்துக் கொடுத்தது. 2022 நவம்பரில் வந்த புதிய விதிமுறை அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டது. ஆனால், சான்றிதழ் சேர்க்கும் பழக்கம் நீங்கவில்லை. ஆசிரியர் வேலைக்குப் போனாலும் அந்தச் சான்றிதழ்க் கோப்புக்குத்தான் மதிப்பு இருக்கும் என்ற எண்ணம் மாணவர்களிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது.

நல்ல மாநாட்டுக்கே போகலாமே என்றால், பணம் குறுக்கே நிற்கிறது. நெட் தேர்வில் வென்று ஜே.ஆர்.எஃப். என்னும் ஆய்வு உதவித்தொகை பெறுபவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இணைப்புக் கல்லூரிகளில் பதிவு செய்திருக்கும் பலருக்கு அதுவும் இல்லை. பகல் முழுக்கப் பாடம் எடுத்துவிட்டு இரவில் ஆய்வு செய்யும் பகுதிநேர மாணவர்கள் ஏராளம். ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ நடக்கும் மாநாட்டுக்குப் பதிவு, விமானம், விசா, தங்குமிடம் என்று கணக்குப் போட்டால் லட்சங்களைத் தொடும். கல்லூரி பணம் தர ஒப்புக்கொண்டாலும், ‘போய்வந்து பில் கொடுங்கள்’ என்பதே பெரும்பாலும் பதில். கடன் வாங்கக்கூடியவர் மட்டுமே போக முடியும். விசா கிடைக்காமல் போனால் கட்டுரைக்கே ஆபத்து: ஐ.இ.இ.இ. என்னும் பொறியாளர் அமைப்பு நடத்தும் மாநாடுகளில், நேரில் வந்து பேசாதவரின் கட்டுரையைத் தொகுப்பிலிருந்து விலக்க அமைப்பாளர்களுக்கு உரிமை உண்டு.

வெளிநாட்டு விசாவை நம்மால் மாற்ற முடியாது. உள்ளூரில் மாற்ற வேண்டியவை நிறைய இருக்கின்றன.

முதலாவது, இருக்கும் விதியை மதித்து நடப்பது. ஒவ்வொரு பருவத்திலும் மாணவர் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் பேச வேண்டும். ஆய்வேட்டுக்கு முந்தைய உரை எல்லா ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்கிறது அதே 2022 விதிமுறை. நடைமுறையிலோ, பல இடங்களில் கைடு அறையில் நான்கு பேர் கூடிக் கையெழுத்துப் போட்டுக் கலைகிறார்கள். இந்த உரைகளின் தேதியும் தலைப்பும் இரண்டு வாரம் முன்பே பல்கலைக்கழக இணையதளத்தில் வெளியாக வேண்டும். வேறு நிறுவனத்திலிருந்து ஒருவராவது வர வேண்டும். கேட்ட கேள்விகளும் மாணவரின் பதில்களும் கூட்டக் குறிப்பில் பதிவாக வேண்டும்.

இரண்டாவது, ஆய்வு மாணவர் ஒருவர் இருவரே உள்ள கல்லூரிகளை மாவட்ட அளவில் இணைத்து, மாதம் ஒரு கருத்தரங்கு. கோவை, மதுரை, திருச்சி போன்ற ஊர்களில் இதற்குப் பேருந்துச் செலவைத் தவிர வேறு செலவில்லை.

மூன்றாவது, முன்பணமாகத் தரும் பயண நிதி. வெளிநாட்டுக்கு மட்டும் அல்ல. கோட்பாட்டுக் கணினியியலுக்கு எஃப்.எஸ்.டி.டி.சி.எஸ். மாநாடு 1981 முதல் இந்தியாவிலேயே நடக்கிறது. 2022இல் அது சென்னை ஐ.ஐ.டி.க்கே வந்தது. இப்படிப்பட்ட இடத்தில் கேட்பவராக உட்காரவாவது ரயில் கட்டணமும் பதிவுத் தொகையும் கொடுக்கலாம். வெளிநாட்டுப் பயணத்துக்கு ஏ.சி.எம். இந்தியா போன்ற கணினியியல் அமைப்புகள் உதவித்தொகை வழங்கிவந்திருக்கின்றன என்பதே பல கல்லூரிகளின் மாணவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. அதைச் சொல்வது துறைத் தலைவரின் கடமை.

நான்காவது, ‘சர்வதேச மாநாடு’ நடத்தும் கல்லூரி, கட்டுரைகளை மதிப்பிட்டவர் யார், எத்தனை வந்தன, எத்தனை நிராகரிக்கப்பட்டன என்று வெளியிட வேண்டும். வெளியிடாத மாநாட்டுச் சான்றிதழுக்கு ஆசிரியர் நியமனத்தில் மதிப்பெண் கூடாது.

இறுதி வைவாவில்தான் முதல் கடினமான கேள்வியைச் சந்திக்கிறார் என்றால், அந்த மாணவரின் பல ஆண்டு உழைப்பைத் திருத்த அப்போது நேரம் இருக்காது. பயண நிதிக்கு அரசு பட்ஜெட் பார்க்க வேண்டியிருக்கும். முதல் இரண்டுக்கும் அது தேவையில்லை. உயர்கல்வித் துறையும் துணைவேந்தர்களும் வரும் கல்வியாண்டு தொடங்கும் முன் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும்.