பெத்தாவின் வெற்றிலையும் பழுதுபார்க்கும் நொதியங்களும்

"எங்கட பெத்தா தொண்ணூறு வயது மட்டும் வெத்திலை போட்டவ. அவவுக்கு என்ன நடந்தது?"

படுவான்கரையில் வாய்ப் புற்றுநோய் பற்றி யார் பேச்செடுத்தாலும் இந்தக் கேள்வி வந்து விழும். வெல்லாவெளிப் பக்கத்தில் இதை நான் பல தடவை கேட்டிருக்கிறேன். கேட்பவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. கேள்வி நியாயமானது. "வெற்றிலை போடாதீர்கள்" என்று சுவரொட்டி ஒட்டுகிறவர்கள்தான் இதற்கு ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை.

பதில் பெத்தாவின் வாய்க்குள்ளேயே இருந்தது. நமது உடலின் ஒவ்வொரு கலத்திலும் (தமிழக நண்பர்கள் 'செல்' என்பார்கள், எங்கள் பாடநூல்களில் அது கலம்) டி.என்.ஏ. நாள்தோறும் பழுதடைகிறது. வெயில், புகை, உணவு ஒருபுறமிருக்க, உடலின் சொந்த வெப்பமும் நீரும் மூச்சுக்காற்றும்கூட அதைச் சிதைக்கின்றன. ஒரு கலத்தில் ஒரே நாளில் ஏற்படும் சேதங்கள் பல்லாயிரம் என்பது விஞ்ஞானிகளின் கணக்கு. அப்படியிருந்தும் நாம் உயிரோடு நடமாடுகிறோம் என்றால், யாரோ திருத்திக்கொண்டிருக்கிறார்கள் என்றுதானே பொருள்?

அந்தத் திருத்துநர்கள் நொதியங்கள். சிதைந்த ஒற்றை எழுத்தை வெட்டியெடுக்கும் நொதியத்தை 1974இல் தோமஸ் லிண்டால் கண்டறிந்தார். வெயிலின் புற ஊதாக் கதிர் ஒட்டவைத்த துண்டு எவ்வாறு முழுதாக அகற்றப்படுகிறது என்பதை அஸீஸ் சன்ஜார் விளக்கினார். டி.என்.ஏ. படியெடுக்கப்படும்போது நேரும் பிழைகள் எவ்வாறு திருத்தப்படுகின்றன என்பதை போல் மொட்ரிச் காட்டினார். மூவருக்கும் 2015இல் இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது. சன்ஜார் விளக்கிய திருத்தம் பிறவியிலேயே குறைபட்ட பிள்ளைகள் உண்டு. சாதாரண வெயிலே அவர்களின் தோலில் சிறுவயதிலேயே புற்றுநோயை வரவழைத்துவிடும். வட்டையில் பகல் முழுதும் நின்று வேலை செய்யும் நமது மக்கள் அந்த வெயிலைத் தாங்குவதற்குத் தோலின் கருமை மட்டும் காரணமல்ல.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழுதுபட்ட டி.என்.ஏ. உள்ள கலம் உடனே பெருகக்கூடாது. பெருகினால் பிழை நிலைத்துவிடும். எனவே p53 என்ற புரதம் கலப்பிரிவைத் தடுத்து நிறுத்துகிறது. திருத்த வேலை முடிந்தால் கலம் மீண்டும் வளரலாம். திருத்த முடியாதபடி சேதம் மிகுந்தால், கலம் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். வளர்வதா, காத்திருப்பதா, சாவதா என்ற முடிவு இப்படித்தான் எடுக்கப்படுகிறது. இந்த ஒழுங்கு குலைந்து, சாகவேண்டிய கலம் சாகாமல் பெருகுவதே புற்றுநோய்.

இனி வெற்றிலை வட்டாவுக்கு வருவோம். பாக்கும் சுண்ணாம்பும் வாயில் கலக்கும்போது டி.என்.ஏ.வைத் தாக்கும் வினைத்திறன் மிக்க ஒட்சிசன் உருவாகிறது. புகையிலை சேர்ந்தால் வேறு நஞ்சுகளும் கூடுகின்றன. 2003இல் கூடிய பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகவரகத்தின் நிபுணர் குழு, புகையிலை சேராத பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று தீர்மானித்தது. "நான் பொயிலை போடுறதில்ல" என்று ஆறுதல் கொள்பவர்கள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. பாக்கிலுள்ள அரிகோலின், மனிதக் கலங்களில் p53ஐ அடக்கி, டி.என்.ஏ. திருத்தத்தையும் குறைக்கிறது என்று 2008இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ஆய்வுகூடத்துக் கலங்களில் கண்டதுதான், ஆனாலும் அற்பமானதல்ல. வீட்டைக் கொளுத்திவிட்டு, தண்ணீர் அள்ளும் கிணற்றுக் கயிற்றையும் அறுப்பது போன்றது அது.

ஆக, பெத்தா தப்பியது வெற்றிலை நல்லது என்பதற்குச் சாட்சியல்ல. அவரது நொதியங்கள் எழுபது வருடம் ஓயாமல் உழைத்தன, கூடவே அதிர்ஷ்டமும் இருந்தது. அதே வட்டாவில் பாக்கு எடுத்த அடுத்த வீட்டுக்காரருக்கு அது வாய்க்காமல் போகலாம். இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படுவது வாய்ப் புற்றுநோய்தான். தப்பியவர்களைத்தான் நாம் உதாரணம் காட்டுகிறோம். மாண்டவர்களை யாரும் உதாரணமாகக் கொண்டுவருவதில்லை.

வெற்றிலையை ஒரே நாளில் ஒழித்துவிடலாம் என்று நான் நினைக்கவில்லை. கலியாணம் பேசவும் வட்டா, செத்த வீட்டிலும் வட்டா. வயற்காரருக்கு அது களைப்புத் தீர்க்கும் மருந்து. சட்டம் போட்டால் பொதிசெய்த சரக்கைத் தடுக்கலாம். வளவில் நிற்கும் கமுகை என்ன செய்வது?

செய்யக்கூடியது ஒன்று உண்டு: வாயைத் திறந்து பார்ப்பது. வெள்ளைத் தழும்பு, சிவப்புத் தழும்பு, ஆறாத புண், வாய் முழுதாகத் திறக்க முடியாமை ஆகியவை திருத்துநர்கள் தோற்கத் தொடங்கியதன் அடையாளங்களாக இருக்கலாம். கண்ணுக்குத் தெரிபவை, பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று வாயைப் பரிசோதித்தார்கள். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணங்கள் 34 வீதம் குறைந்தன என்று 2005இல் அதன் முடிவு வெளியானது. சுகாதாரப் பணியாளர்களை இவ்வாறு பயன்படுத்தலாம் என்பதை அதற்கு முன்பே, 1980களில், இலங்கையில் நடந்த ஆய்வொன்றும் காட்டியிருந்தது. நம் நாட்டிலேயே அறிந்துகொண்ட விடயம்!

வாயில் புண்ணோடு ஒரு கூலி விவசாயி பட்டிருப்புப் பாலம் கடந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்குப் போவதென்றால், அன்றைய உழைப்பு போய்விடும். நோவில்லாத தழும்புக்காக எவர் போவார்? குடும்ப நல உத்தியோகத்தர் கர்ப்பிணியைப் பார்க்கத்தான் வீட்டுக்கு வருகிறார். திண்ணையில் இருக்கும் பெரியவரின் வாயையும் ஒரு டோர்ச் வெளிச்சத்தில் பார்க்கட்டும். வெல்லாவெளியில் அறுவடை முடிந்து ஆட்கள் ஊரில் நிற்கும் மாதத்தில் இதைத் தொடங்கலாம்.