கூடாரத்தோடு குடும்பிமலைக்கு

பங்குனியில் பிள்ளைகளுடன் குடும்பிமலை அடிவாரத்தில் கூடாரமடித்து இரண்டு நாள் தங்க எண்ணியுள்ளேன். மாரியென்றால் வெள்ளம் கிரான் பாதையை மறித்துவிடும். யானைப் பயமுள்ளதால் ஊர்மனைக்கு அருகிலேயே தங்கல். ஏற்பாடு அவ்வளவே.

ஆனால் சுற்றுலா விளம்பரங்களில் இம்மலை பெரும்பாலும் 'தொப்பிகல' என்றே வருகிறது. ஆங்கிலேயருக்கும் இது தொப்பியாகத்தான் தெரிந்தது. 'பரன்ஸ் கெப்' என்றனர். நம்மவர் கண்டதோ குடுமியை, எமது பேச்சில் குடும்பியை. 2007 ஜூலையில் இராணுவம் மலையைக் கைப்பற்றியபோது, செய்தியறை அவசரத்தில் நானும் 'தொப்பிகல' என்றே எழுதினேன். அது இன்னமும் உறுத்துகிறது. சிங்களவர் தம் மொழியில் அழைக்கட்டும். தமிழில் எழுதுவோர் ஏன் குடும்பிமலையைக் கைவிட வேண்டும்? பிள்ளைகளுக்கு வரைந்து கொடுத்த வழிப்படத்தில் குடும்பிமலை என்றே எழுதியிருக்கிறேன்.