தூங்கி எழுந்தா... தாளம் பிடிக்கணும் பாஸ்!

இந்த வாரப் பக்கம் ஒரு மன்னிப்புக் கடிதம். யாருக்கு, எதுக்குங்கறது கடைசியில். முதல்ல மேட்டருக்கு வருவோம்.

மினி புராஜெக்ட் ரிவ்யூவுக்கு ரெண்டே நாள் பாக்கி. உள்ளங்கை சைஸ் போர்டில் கேமரா மாட்டி, ஆள் வந்தால் படம் எடுக்கிற மாதிரி ஒரு ஐட்டம் செய்துகொண்டிருந்தோம். கோடிங் என் நண்பன். ஒயரிங் நான். கேமராவோடு வந்த பட்டை கேபிள் நீளம் பத்தவில்லை. நடுவில் சாதாரண ஜம்பர் ஒயர்களைச் செருகி நானே நீட்டினேன். (அந்த நிமிஷம் நான்தான் ஜி.டி.நாயுடு!)

போர்டை ஆன் செய்தால் 'கேமரா இருக்கிறது' என்று மெசேஜ் வருகிறது. படம் மட்டும் வரவில்லை. தப்பித்தவறி வந்தாலும் பச்சையும் பிங்க்குமாகக் கோடுகள். "கேமராவைக் கண்டுபிடிக்குதுல்ல? அப்ப ஒயர் ஓகே. உன் கோடிங்தான் சொதப்பல்!" என்று ரெண்டு ராத்திரி அவனை வறுத்தெடுத்தேன். பாவம், அவனும் தூங்காமல் மாற்றி மாற்றி எழுதினான்.

கடைசியில் லேப் அண்ணன் வந்தார். என் ஒயர்களைப் பார்த்துச் சிரித்தார். "தம்பி, மாட்டு வண்டிப் பாதை போட்டுட்டு எக்ஸ்பிரஸை ஓட்டப் பார்க்கறியே!"

அப்படி என்ன எக்ஸ்பிரஸ்? உங்க செல்போன் கேமராவையே எடுத்துக்குங்க. ஃபுல் ஹெச்.டி. வீடியோவில் ஒரு படத்துக்கு 1920 x 1080 புள்ளிகள். புள்ளிக்கு 10 பிட், விநாடிக்கு 30 படம் என்று வைத்துப் பெருக்கினால், விநாடிக்கு 62 கோடி பிட்! இத்தனையும் கேமராவிலிருந்து பிராசஸருக்கு மெல்லிய சில ஒயர்களில் போயாகணும். அதுவும் பேட்டரியைக் குடிக்காமல்.

இதற்காகவே 2003-ல் நோக்கியா, டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், ஏ.ஆர்.எம். போன்ற கம்பெனிகள் சேர்ந்து 'மிப்பி' என்ற அமைப்பைத் தொடங்கின. அதன் 'டி-ஃபை' முறைதான் ஏராளமான செல்போன் கேமராக்களில் இருக்கிறது. எங்க போர்டிலும் அதேதான்.

இதில் ஒரே ஒயருக்கு ரெண்டு அவதாரம். சும்மா இருக்கும்போது 1.2 வோல்ட் சிக்னலில் சோம்பேறித்தனமாக இருக்கும். அதிகபட்சம் விநாடிக்கு ஒரு கோடி பிட்தான். டேட்டா வந்ததும் சுமார் 0.2 வோல்ட் அளவுக்குக் குட்டியாக ஆடும் சிக்னலுக்கு மாறி, விநாடிக்கு 100 கோடி பிட், அதற்கு மேலும்கூடப் பறக்கும். வேலை முடிந்ததா? உடனே தூக்கம். பேட்டரி மிச்சமாவது இந்தக் குட்டித் தூக்கங்களில்தான்.

வழக்கமாக வீடியோவின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு தடவை எழுந்து, அனுப்பி, மறுபடி தூங்கும். 1080 வரி, 30 படம்... விநாடிக்கு 32,400 தடவை! நம்மை காலையில் ஒரே ஒரு தடவை எழுப்புவதற்கே அம்மா படும் பாட்டை நினைச்சுப் பாருங்க.

எழுந்தால் மட்டும் போதாதே, தாளம் பிடிக்கணுமே! அதை மூணு ஸ்டெப்பில் செய்கிறார்கள். முதலில் அந்தச் சோம்பேறி வோல்டேஜிலேயே ஒரு சின்ன ஜாடை. நாம மிஸ்டு கால் கொடுக்கிறோமே, அதே டெக்னிக். 'ரெடியா இரு, வர்றேன்' என்று அர்த்தம். அடுத்து, டேட்டாவுக்குப் பக்கத்திலேயே தனி ஜோடி ஒயரில் 'கிளாக்' ஓடும். இன்ன நொடியில் பாரு என்று தாளம் தட்டுவது இதுதான். ஆனால் பிட் எப்ப வரும்னு தெரிஞ்சாலும், எந்த பிட்டில் ஆட்டம் ஆரம்பம்னு தெரியாதே? அதற்குத்தான் மூணாவது ஸ்டெப்: 00011101. இந்த எட்டு பிட்டைப் பார்த்ததும், இதற்கு அடுத்ததுதான் நிஜ டேட்டா என்று ரிசீவர் புரிந்துகொள்ளும். சபையில் பாட்டு எடுக்கும் இடம் மாதிரி. ஒரு பிட் தள்ளி எடுத்தாலும் மொத்தமும் அபஸ்வரம்!

சரி, கிளாக் ஒயரே இல்லாவிட்டால்? அதற்கும் வழி உண்டு. செல்போனின் யு.எஃப்.எஸ். மெமரிக்குப் பயன்படும் 'எம்-ஃபை' முறையில் டேட்டாவுக்குள்ளேயே தாளத்தை ஒளித்து வைக்கலாம். 1983-ல் ஐ.பி.எம்.மின் விட்மரும் ஃபிரனாசெக்கும் வெளியிட்ட 8பி/10பி முறை இதற்குக் கைகொடுத்தது. 8 பிட்டை 10 பிட்டாக மாற்றினால், ஒரே மாதிரி பிட் அஞ்சுக்கு மேல் தொடர்ந்து வராது. சிக்னல் அடிக்கடி மாறுவதால் அதிலிருந்தே ரிசீவர் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஓடுற பஸ்ஸில் ஏறும் ஆள் கொஞ்சம் கூடவே ஓடியாகணுமே... அந்த மாதிரி இதற்கும் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்த நேரமும் பேட்டரி கணக்கில்தான் பாஸ். அடிக்கடி தூங்கினால் எழுப்பும் செலவு. தூங்காமலே இருந்தால் சும்மா எரியும் செலவு. செல்போன் டிசைனரின் தலைவலியே இதுதான்!

இப்ப என் ஒயருக்கு வருவோம். 100 கோடி பிட் வேகத்தில் ஒரு பிட்டின் ஆயுள் ஒரு நானோ செகண்ட். அதற்குள் சிக்னல் போர்டில் சுமார் 15 சென்டிமீட்டர்தான் போகும். கிளாக் ஒயர் ஒரு நீளம், டேட்டா ஒயர் ஒரு நீளம் என்று இருந்தால் தாளம் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். போதாக்குறைக்கு, நான் செருகிய ஒவ்வொரு இணைப்பிலும் சிக்னல் மோதித் திரும்பி எதிரொலித்தது. ஆனால் 'கேமரா இருக்கிறது' என்ற மெசேஜ் மட்டும் வந்ததே? அது வேறு ஒயரில், ஆமை வேகத்தில் வரும் சமாச்சாரம். அதற்கு ஜம்பர் ஒயரே தாராளம். அதைப் பார்த்துத்தான் நான் ஏமாந்தேன்.

அதனால் புராஜெக்ட் மக்களே, நோட் பண்ணிக்குங்க: ஆள் தெரியுது, படம் வரலைன்னா முதல்ல கேபிளை மாத்துங்க. அப்புறம் கோடிங் எழுதினவனைத் திட்டுங்க.

லேப் அண்ணன் ஒரே துண்டாக, சரியான பட்டை கேபிள் கொடுத்தார். மாட்டினோம். ஸ்க்ரீனில் எங்க ரெண்டு பேர் முகமும் பளிச்சென்று வந்தது. ரெண்டு ராத்திரி தூங்காத அவன் முகத்தைப் பார்க்கத்தான் எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

மச்சி, நீ எழுதின கோடிங்கில் ஒரு தப்பும் இல்லடா. அன்னைக்கே சொல்லியிருக்கணும், ஈகோ விடலை. சாரி! கேன்டீன் டீ இந்த மாசம் முழுக்க என் கணக்கு.