குறியீடு தீர்ப்பல்ல

பழைய கார் சிக்னலில் குலுங்கி நின்றுவிடுகிறது. எஞ்சின் விளக்கும் எரிகிறது. பட்டறையில் ஸ்கேனரைப் பொருத்தினால் ‘பி0011’ என்று வருகிறது. உடனே வால்வு டைமிங் சாமான் முழுவதையும் மாற்றச் சீட்டு எழுதப்படுகிறது. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பழைய வண்டி வாங்கியவர் என்ன செய்வார்?

காம்ஷாஃப்ட் இருக்க வேண்டிய நிலைக்கு முன்னே நிற்கிறது என்பதே அக்குறியீட்டின் பொருள். காரணத்தை அது சொல்வதில்லை. 2003-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த டொயோட்டா கொரோலாவை எடுத்துக்கொள்ளலாம். அதன் ‘விவிடி-ஐ’ அமைப்பில் காம்ஷாஃப்டைத் திருப்புவது எஞ்சின் ஆயிலின் அழுத்தமே. ஆயில் கசடாகி, கன்ட்ரோல் வால்வு சிக்கிக்கொண்டாலும் இதே குறியீடுதான் வரும்.

ஆகவே முதலில் டிப்ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். ஆயில் கறுத்திருந்தால் ஃபில்டருடன் மாற்ற வேண்டும். பிறகு கன்ட்ரோல் வால்வை மீட்டரில் அளக்கலாம். 20 டிகிரி சென்டிகிரேடில் 6.9 முதல் 7.9 ஓம் வரை காட்ட வேண்டும். அதைக் கழற்றி, அதன் சிறு சல்லடையையும் கழுவ வேண்டும். டைமிங் செயின் பல் தாண்டியிருக்கிறதா என்பதும் சோதனைக்குரியது. புதுச் சாமான் கடைசியில்தான்.

குறியீட்டைப் படிப்பது ஒரு நிமிட வேலை. காரணத்தைக் கண்டுபிடிப்பதற்கே மெக்கானிக்குக் கூலி. “என்னென்ன சோதித்தீர்கள்?” என்று கேட்க வண்டிக்காரர் தயங்க வேண்டியதில்லை.