புள்ளியை அழித்துவிடாதீர்!

 

உங்கள் வீட்டுப் பரணில் பாட்டனார் கைப்பட எழுதிய அரபுத் தமிழ் ஏடுகள் இருக்கக்கூடும். அவற்றை ஸ்கேன் செய்து கணிப்பொறியில் சேமிக்கும் இளைஞர்களைக் காணும்போது உள்ளம் பூரிக்கின்றது. ஆயினும், கறை போக்கும் ஆர்வத்தில் அவர்கள் அழிப்பானை எடுக்கும்போது நெஞ்சம் பதறுகின்றது.

காரணம் கேளுங்கள். அரபியில் 'பைத்' என்றால் வீடு. 'பின்த்' என்றால் மகள். புள்ளிகளை நீக்கிவிட்டால் இரண்டும் ஒரே வடிவம். நடுவெழுத்தின் கீழே இரு புள்ளிகள் இருந்தால் வீடு. மேலே ஒரு புள்ளி இருந்தால் மகள். தமிழுக்கே உரிய ஒலிகளுக்காக நம் முன்னோர் அரபு எழுத்துகளில் கூடுதல் புள்ளிகளையும் இட்டனர். பூஞ்சைக் கறை எது, மைப்புள்ளி எது என்று முதற்பார்வையில் யார்தாம் உறுதி கூறவியலும்? துடைத்துச் சேமித்துவிட்டால் அந்தப் படத்தில் போனது போனதுதான்.

இதற்கு நல்லதொரு மாற்று 'லேயர் மாஸ்க்' எனும் மறைதிரை. போட்டோஷாப்பிலும், விலையின்றிக் கிடைக்கும் ஜிம்ப் மென்பொருளிலும் இவ்வசதி உண்டு.

ஸ்கேன் செய்த படத்தை மேலடுக்காகவும், தாளின் நிறம் நிரப்பிய அடுக்கைக் கீழாகவும் வையுங்கள். மேலடுக்கிற்கு வெள்ளை நிற மறைதிரை ஒன்றைச் சேருங்கள். தூரிகையை எடுக்குமுன், படத்தையன்றித் திரையையே தேர்ந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். திரையில் கறுப்புப் பூசிய இடத்தில் கறை மறைந்து, கீழுள்ள தாள்நிறம் தெரியும். சாம்பல் நிறம் அரைகுறையாக மறைக்கும். தவறுதலாகப் புள்ளியொன்று மறைந்துவிட்டதா? அவ்விடத்தில் வெள்ளையைப் பூசுங்கள்; புள்ளி மீண்டுவிடும். ஏனெனில் அது அழியவில்லை, மறைந்தே இருந்தது.

ஒன்றை மறவாதீர். ஜேபெக் கோப்பாகச் சேமித்தால் அடுக்குகள் யாவும் ஒன்றாகிவிடும், மறைதிரையும் போய்விடும். பிஎஸ்டி அல்லது எக்ஸ்சிஎஃப் கோப்பாகவே சேமியுங்கள். திருத்தாத மூலப்படத்தைத் தனியே வையுங்கள். பின்னர், அரபுத் தமிழ் வாசிக்கத் தெரிந்த பெரியவரிடம் இரண்டையும் காட்டி ஒப்பிடச் சொல்லுங்கள்.

அந்த ஏடு பாட்டனாரின் சொத்துக் குறிப்பாக இருந்தால், வீடா மகளா என்பதை ஒரு புள்ளியன்றோ தீர்மானிக்கும்? முன்னோரின் எழுத்து நம் கையில் அமானிதம். அதை அழகுபடுத்துவதைவிடக் காப்பதே முதற்கடமை.